பள்ளியிலிருந்து 300 மீட்டர்: இந்த மனுவில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு மனு சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் பகுதிக்குள் திரும்பும் பெரிய சாலை முனையில், மூடிக் கிடக்கும் பழைய வங்கிக் கட்டடத்தில் போதைச் சிகிச்சை கிளினிக் ஒன்று வரப்போகிறது. ஹெராயின், வலி மாத்திரை போன்றவற்றுக்கு அடிமையானவர்கள் தினமும் வந்து, அந்த ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன் என்ற மருந்தைக் குடித்துவிட்டுப் போவார்களாம். அங்கிருந்து ஆரம்பப் பள்ளி 200 மீட்டர் தூரம். 'பள்ளி, பூங்கா, வழிபாட்டு இடம், வீடு எதிலிருந்தும் 300 மீட்டருக்குள் இப்படிப்பட்ட கிளினிக் கூடாது என்று நில உபயோக விதியில் சேர்க்க வேண்டும்' என்று மனு கேட்கிறது. நோயாளிகள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் என் மகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கு நடந்து போகிறாள். நான் கையெழுத்துப் போடலாமா? அப்படி ஒரு விதி வந்தால் அது நிற்குமா? வீட்டு மதிப்பு குறையும் என்கிறார்களே, உண்மையா?

- ஒரு வாசகி

பதில்: போடாதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஆனால் கையெழுத்துப் போடாமல் ஒதுங்கிவிடவும் வேண்டாம். உங்கள் பகுதிக்கு உண்மையிலேயே தொந்தரவு தரக்கூடிய விஷயங்கள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட இந்த மனு தொடவில்லை. அதுதான் இதில் எனக்குப் பெரிய குறை.

முதலில் அந்த 300 மீட்டரைப் பார்ப்போம். 300 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு வட்டத்தின் பரப்பு சுமார் 28 ஹெக்டேர். ஒரு சதுர கிலோமீட்டர் என்பது 100 ஹெக்டேர். அதற்குள் ஒரு பள்ளி, ஒரு பூங்கா, இரண்டு வழிபாட்டு இடங்கள் சற்று இடைவெளி விட்டு அமைந்திருந்தால் முக்கால்வாசி நிலம் அடைபட்டுப் போகும். 150 மீட்டரை 300 ஆக்கும்போது தடை இரண்டு மடங்கு கூடுவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். பரப்புக் கணக்கில் அது நான்கு மடங்கு. இதில் உங்கள் மனு 'வீடு' என்பதையும் சேர்த்திருக்கிறது. வீடுகளிலிருந்து 300 மீட்டர் என்று எழுதிவிட்டால் கணக்குப் போடவே தேவையில்லை. நகரத்துக்குள் மிஞ்சுவது தொழிற்சாலை மண்டலமும் நெடுஞ்சாலை ஓரமும் ரயில் பாதைக்குப் பின்பக்கமும்தான். இப்படி ஒரு விதியைப் பரிசீலிக்கும் நகர மன்றம், வாக்களிக்கும் முன் அந்த வட்டங்களையெல்லாம் நகர வரைபடத்தில் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். பல இடங்களில் அதைச் செய்வதே இல்லை.

மிஞ்சும் அந்த ஓரத்தில் என்ன நடக்கும்? ஒரு கிளினிக் வரும், அப்புறம் இன்னொன்று வரும், பக்கத்திலேயே வீடற்றோர் தங்குமிடமும் வரும். வேறெங்கும் இடம் கிடைக்காததால் எல்லாம் ஒரே மூலையில் சேரும். பாஸ்டன் நகரத்தில் மாசசூசெட்ஸ் அவென்யூவும் மெல்னியா காஸ் பூலவார்டும் சந்திக்கும் இடத்தை 'மாஸ் அண்ட் காஸ்' என்பார்கள். மருத்துவமனை, மெத்தடோன் கிளினிக்குகள், தங்குமிடங்கள் எல்லாம் முன்பே அந்தப் பக்கம் இருந்தன. 2014 அக்டோபரில் லாங் ஐலண்ட் தீவுக்குப் போகும் பாலம் பாதுகாப்பில்லை என்று மூடப்பட்டது. தீவில் இருந்த வீடற்றோர் தங்குமிடமும் போதை மீட்புத் திட்டங்களும் அவசர அவசரமாகக் காலி செய்யப்பட்டன. சேவைகளும் ஆட்களும் அந்தச் சந்திப்பைச் சுற்றி இன்னும் நெருங்கினார்கள். பிறகு அங்கே கூடாரங்களும் வெளிப்படையான போதைப் பயன்பாடும் பெருகி, அதைச் சரிசெய்ய நகர நிர்வாகம் பல ஆண்டுகள் திண்டாடியது. இது தூர விதியால் நேர்ந்தது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூலைக்குத் தள்ளினால் அந்த மூலை என்னவாகும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். பத்துப் பகுதிகளில் ஒவ்வொன்றாகச் சிறு கிளினிக்குகள் இருந்தால் பலருக்கு அவை இருப்பதே தெரியாது.

இன்னொன்று, மெத்தடோன் சிகிச்சை நடக்கும் விதம். புதிதாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் தினமும் நேரில் வந்து, செவிலியர் பார்க்கக் குடிக்க வேண்டும். நிலைமை சீராகச் சீராகத்தான் சில நாள் மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அமெரிக்காவில் இந்த விதியை 2024இல் கணிசமாகத் தளர்த்தினார்கள்; இப்போது ஒரு மாதச் சிகிச்சை தாண்டியவருக்கு 28 நாள் மருந்து வரை கொடுக்கலாம். என்றாலும் தொடக்க நாட்களில் கிளினிக் எவ்வளவு தூரம் என்பதே பலருக்குச் சிகிச்சை தொடருமா நிற்குமா என்பதை முடிவு செய்துவிடும். வெளிநோயாளிச் சிகிச்சை பற்றி 2003இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு மைலுக்குள் பயணம் செய்தவர்கள் அதைவிடத் தூரத்திலிருந்து வந்தவர்களைக் காட்டிலும் சிகிச்சையை முடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. பேருந்து போகாத தொழிற்பேட்டைக்குக் கிளினிக்கைத் தள்ளினால் பாதியில் விடுபவர்கள்தான் அதிகமாவார்கள். விட்டவர்கள் எங்கும் போய்விடுவதில்லை. முன்பு இருந்த அதே தெருக்களில்தான், சிகிச்சை இல்லாமல் இருப்பார்கள்.

சரி, விதி நிற்குமா? உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பற்றி உள்ளூர் வழக்கறிஞர்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் இந்தச் சண்டை நீதிமன்றம் வரை அதிகம் போயிருப்பது அமெரிக்காவில். அங்கே நடந்தவை எந்த ஊர்க்காரரும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

நியூயார்க் மாநிலத்தின் ஒயிட் பிளெயின்ஸ் நகரத்தில் ஒரு போதைச் சிகிச்சை மையம் ஊரின் மையப் பகுதிக்கு இடம் மாற விரும்பியது. கட்டட அதிகாரி அதை அலுவலக உபயோகமாகக் கருதி அனுமதி கொடுத்தார். அக்கம்பக்கத்தார் எதிர்க்க, மேல்முறையீட்டு வாரியம் அந்த அனுமதியை ரத்து செய்தது. 1997இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மையத்தின் பக்கம் நின்றது: மாற்றுத்திறனாளிகளை (போதைக்குச் சிகிச்சை பெறுபவர்களும் இதில் அடங்குவர்) பாகுபாட்டிலிருந்து காக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் நில உபயோக முடிவுகளுக்கும் பொருந்தும் என்றது. அடுத்து கலிஃபோர்னியாவின் ஆண்டியாக் நகரம். வீடுகளிலிருந்து 500 அடிக்குள் மெத்தடோன் கிளினிக் கூடாது என்று அவசர விதி போட்டது, ஏறக்குறைய உங்கள் மனுவைப் போலவே. மெத்தடோன் கிளினிக்குகளை மட்டும் தனியாகப் பிரித்துத் தடுப்பது மேலோட்டமாகப் பார்த்தாலே பாகுபாடுதான் என்று 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கணிசமான ஆபத்து உண்டு என்று ஆதாரத்தோடு காட்டினால் மட்டுமே விதிவிலக்கு; பயமும் ஊகமும் போதாது. பென்சில்வேனியாவில் ஒரு மாநிலச் சட்டமே இருந்தது. பள்ளி, பூங்கா, குடியிருப்பு, குழந்தைகள் காப்பகம், வழிபாட்டு இடம் ஆகியவற்றிலிருந்து 500 அடிக்குள் மெத்தடோன் கிளினிக் வைக்க, ஊர் மன்றம் வாக்கெடுத்து இசைவு தர வேண்டும். ரெடிங் நகரத்தில் அனுமதி மறுக்கப்பட்ட கிளினிக் ஒன்று வழக்குப் போட்டது. 2007இல் அந்தச் சட்டப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பானது.

ஒன்றைக் கவனியுங்கள். மாற்றுத்திறனாளிகளைக் காக்கும் அந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம், இப்போதும் சட்டவிரோதப் போதைப் பயன்பாட்டில் இருப்பவருக்கு அந்தக் காரணத்தை வைத்துப் பாதுகாப்புக் கொடுப்பதில்லை. சிகிச்சையில் இருப்பவர், மீண்டவர் ஆகியோருக்குத்தான் பாதுகாப்பு. கிளினிக்கைத் தேடி வருகிறவர் சிகிச்சையில் இருப்பவர்.

கனடாவிலும் இப்படி ஒன்று நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அபட்ஸ்ஃபோர்டு நகரம் மெத்தடோன் சிகிச்சை, பழைய ஊசிக்குப் பதில் சுத்தமான ஊசி தரும் திட்டம் போன்றவை நகரத்துக்குள்ளேயே கூடாது என்று 2005இல் நில உபயோக விதி கொண்டுவந்தது. வழக்கு வந்தபின் 2014இல் அதைக் கைவிட்டது. தூர விதி போட்ட நகரங்கள் எல்லாம் தோற்றன என்று நான் சொல்லவில்லை. யாரும் வழக்குப் போடாததால் இன்றும் புத்தகத்தில் கிடக்கும் விதிகள் நிறைய உண்டு. உங்கள் நகர மன்றம் அந்தச் செலவில் இறங்கத் தயாரா என்று சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் மகள். நீங்கள் கேட்டதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான், அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். கிளினிக் வந்தால் சுற்றுப்புறத்தில் குற்றம் கூடும் என்பது எல்லா ஊர் விசாரணையிலும் வரும் வாதம். பால்டிமோரில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2012இல் வந்த ஆய்வில் மெத்தடோன் மையங்களுக்கு நெருங்க நெருங்கக் குற்றம் கூடவில்லை. சில்லறைக் கடைகளுக்கு நெருங்க நெருங்கக் கூடியது. 2016இல் வந்த இன்னோர் ஆய்வில் சிகிச்சை மையங்களைச் சுற்றி இருந்ததைவிட மதுக்கடைகளையும் தெருமுனைக் கடைகளையும் சுற்றித்தான் வன்முறைக் குற்றம் அதிகம். ஒரே நகரத்து ஆய்வுகள் என்பதால் இவற்றை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் மதுக்கடையைத் தாண்டிப் பள்ளிக்குப் போவதைப் பழகிக்கொண்டுவிட்டு, போதையிலிருந்து மீளும் இடத்தைத் தாண்டிப் போவதை மட்டும் மனுவாக எழுதுவது எனக்கு எப்போதும் விசித்திரமாகப்படும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மெத்தடோனைச் சாதாரண மருந்துக் கடையிலேயே மருந்தாளர் முன்னிலையில் குடிக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருப்பார். இதே நோய்க்குப் புப்ரெனார்ஃபின் என்ற மருந்தும் உண்டு. அமெரிக்காவில் அதை ஒரு சாதாரண மருத்துவர் தன் அறையிலிருந்தே எழுதிக் கொடுக்கலாம். அந்த அறை எந்தப் பள்ளிக்கு எத்தனை மீட்டர் என்று யாரும் அளப்பதில்லை. ஆக, தூர விதி துரத்துவது பெயர்ப்பலகையைத்தான்.

சில கிளினிக்குகளால் உண்மையிலேயே தொந்தரவு வருகிறது, அதை மறுக்க மாட்டேன். நடைபாதையில் கூட்டம், வாசலில் சிகரெட், வாகனங்கள் இரட்டை வரிசையில் நிற்பது, அடுத்த கட்டடச் சுவரில் சிறுநீர். இவை எல்லாமே கட்டடமும் நடைமுறையும் சரியாக அமையாததால் வருபவை. இடம் மாற்றினால் அதே தொந்தரவு புது இடத்தில் தொடரும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் பாருங்கள். ஒருவருக்கு மருந்து கொடுக்க, அடையாளம் பார்த்து, அளந்து, குடித்ததை உறுதிசெய்ய 5 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கவுன்டரில் மணிக்கு 12 பேர். வேலைக்குப் போகும் முன் மருந்து வாங்கப் பலரும் அதிகாலையில் வருவார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு கவுன்டர் 36 பேரைத் தாங்கும். 200 பேர் வருகிறார்கள் என்றால் ஆறு கவுன்டர்கள் வேண்டும். விண்ணப்பத்தில் இரண்டுதான் காட்டியிருந்தால், அந்த நேரத்துக்குள் முடிவது 72 பேர். மற்றவர்கள் எங்கே நிற்பார்கள்? உள்ளே காத்திருக்கும் அறை சிறியதாக இருந்தால் உங்கள் மகள் நடக்கும் அதே நடைபாதையில்தான். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: ஒரு நாளைக்கு எத்தனை பேர், எந்த மணிக்கு எத்தனை பேர், எத்தனை கவுன்டர், உள்ளே எத்தனை இருக்கை. பழைய வங்கிக் கட்டடம் என்கிறீர்கள். ஒருவகையில் அது நல்ல இடம்தான். பெரிய கூடம் இருக்கும், கவுன்டர் வைக்க வசதி இருக்கும், மருந்தைப் பூட்டி வைக்க உறுதியான அறையும் இருக்கக்கூடும்.

அடுத்தது நேரம். காலை ஐந்தரை, ஆறு மணிக்கே திறந்தால் வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம் பள்ளி மணி அடிக்கும் முன் கலைந்துவிடும். எட்டு மணிக்குத்தான் திறக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் வற்புறுத்துவதுண்டு, அதிகாலையில் சத்தம் வேண்டாம் என்று. அப்படிச் செய்தால் இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் மோதும். ஆலோசனை அமர்வுகளை நாள் முழுவதும் பரப்பி வைக்கச் சொல்லலாம். வாசல் பெரிய சாலைப் பக்கம் இருக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் தெருப் பக்கம் உள்ள கதவு அவசரத்துக்கு மட்டும். நோயாளிகள் பயன்படுத்தக் கழிப்பறை உள்ளே இருக்க வேண்டும் (கேட்கவே கூச்சப்பட்டு எல்லோரும் விட்டுவிடும் விஷயம், பிறகு அதிகப் புகார் வருவதும் இதில்தான்). திறந்திருக்கும் நேரத்தில் வெளியே ஒரு ஊழியர் கண்காணிக்க வேண்டும். புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண், அதை எடுக்கப் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளர். ஓராண்டு கழித்து மறுபரிசீலனை.

இவற்றை வைக்கும்போது ஒரு சோதனை உண்டு: இதே எண்ணிக்கையில் ஆட்கள் வரும் ஒரு டயாலிசிஸ் மையத்திடம் இதைக் கேட்பீர்களா? கேட்பீர்கள் என்றால் அது நியாயமான நிபந்தனை. நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் வேண்டும், உள்ளூர்க்காரருக்கு மட்டும்தான் சிகிச்சை, வாசலில் எப்போதும் போலீஸ் நிற்க வேண்டும் என்பதெல்லாம் இந்தச் சோதனையில் தேறாது. பெயர்ப் பட்டியல் கேட்பது மருத்துவ ரகசியத்தையும் உடைக்கும். நோயாளிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது நடுவில் நிற்கும் விஷயம். கட்டடத்தின் கொள்ளளவை ஒட்டி வைத்தால் சரி. 'இருபது பேருக்கு மேல் கூடாது' என்று நடத்தவே முடியாத எண்ணை வைத்தால் அது மறைமுகத் தடை.

தங்கிச் சிகிச்சை பெறும் மையங்கள், மீண்டவர்கள் சேர்ந்து வாழும் வீடுகள் ஆகியவற்றுக்கு விதிகள் வேறு. அங்கே வரிசையும் இல்லை, காலைக் கூட்டமும் இல்லை. உங்கள் மனு 'இப்படிப்பட்ட கிளினிக்' என்று பொதுவாக எழுதியிருப்பதால் அவற்றையும் சேர்த்தே அடித்துவிடும்.

வீட்டு மதிப்பு பற்றிக் கேட்டீர்கள். ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. வர்ஜீனியாவின் மையப் பகுதியில் தங்கிச் சிகிச்சை பெறும் மையங்களைப் பற்றி 2014இல் வந்த ஆய்வு, பக்கத்து வீடுகளின் விலை சுமார் 8 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. பிறகு சியாட்டில் பகுதியில் பல ஆண்டு வீட்டு விற்பனையை வைத்துச் செய்த ஆய்வில் அப்படி ஒரு விளைவு தெரியவில்லை. விலை ஏற்கனவே குறைவாக இருந்த பகுதிகளில்தான் மையங்கள் அமைந்திருந்தன. அதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் மையம்தான் விலையைக் குறைத்தது போலத் தெரியும். உங்கள் விஷயத்தில், முனையில் ஒரு கட்டடம் பூட்டியே கிடப்பதும் மதிப்புக்கு நல்லதல்ல. இதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள் என்பேன்.

செய்ய வேண்டியது இதுதான். நகரத் திட்ட அலுவலகத்துக்குப் போய் அந்த மனையின் மண்டலம் எது, அதில் மருத்துவக் கிளினிக் நேரடியாக அனுமதிக்கப்பட்ட உபயோகமா, நிபந்தனை அனுமதி வேண்டிய உபயோகமா என்று கேளுங்கள். விண்ணப்பத்தையும் தரைத்தள வரைபடத்தையும் பார்க்க அனுமதி கேளுங்கள். நிபந்தனை அனுமதி என்றால் பொது விசாரணை நடக்கும். அங்கே மேலே சொன்ன கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொல்வது குறிப்பேட்டில் பாதிதான் ஏறும். சங்கத்தில் மனுவை முன்னெடுப்பவர்களிடமும் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். அவர்களில் பலருக்கு வேண்டியது தொந்தரவு இல்லாத தெருதான், தூர விதி கைக்கு முதலில் கிடைத்த ஆயுதம்.

நேரடி அனுமதி உபயோகம் என்றால் பெரும்பாலும் விசாரணை இருக்காது, நிபந்தனை போட மன்றத்துக்கு அதிகாரமும் குறைவு. அப்போது கிளினிக் நடத்துபவரிடமே நேராகப் பேசுங்கள். அக்கம்பக்கத்தாரோடு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் செய்துகொள்ளும் நிறுவனங்கள் உண்டு. திறந்த முதல் மாதமே சண்டையில் போக அவர்களுக்கும் விருப்பமிருக்காது. ஆனால் சீக்கிரம் போங்கள். கவுன்டர் எத்தனை, வாசல் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் உள்வேலை தொடங்கும் முன்தான் மாற்ற முடியும். சுவர் எழுப்பிய பிறகு கேட்டால் தொலைபேசி எண் மட்டும்தான் கிடைக்கும்.